பேராலயத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஐரோப்பிய பாணியில் கட்டிய பழைய கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் போகிறேன். அண்ணாந்து பார்த்து போட்டோ எடுப்பதைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

பதில்: உடனே உள்ளே போகாதீர்கள், வெளியே ஒரு சுற்று வாருங்கள். கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலை) பாணி என்றால் சுவருக்கு முட்டுக்கொடுத்த மாதிரி அரைவளைவுகள் நிற்கும். கூரையின் அழுத்தத்தை அவை வாங்கிக்கொள்வதால்தான் சுவரில் அவ்வளவு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வைக்க முடிந்தது. நல்ல வெயிலில் போனால் தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக விழுந்து கிடக்கும், குறுக்கே நடப்பவரின் வெள்ளைச் சட்டைகூட நிறம் மாறும். அப்புறம் ஆயரின், அதாவது பிஷப்பின், இருக்கையைத் தேடுங்கள். ‘கதீட்ரா’ என்கிற அந்த நாற்காலி இருப்பதால்தான் அது கதீட்ரல், அதாவது பேராலயம்; இல்லையென்றால் எவ்வளவு பெரிதானாலும் தேவாலயம்தான். அவசரம் வேண்டாம், ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை 1248-இல் தொடங்கி 1880-இல்தான் முடித்தார்கள்! திருப்பலி (பூசை வழிபாடு) நடக்கிறதா? சரி, கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்.