மண்டியும் தேவைக் கோடும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கல்லூரியில் இளங்கலைப் பொருளியல் முதலாமாண்டு படிக்கிறேன். விலை குறைந்தால் தேவை கூடும், விலை ஏறினால் தேவை குறையும் என்று நுண்ணினப் பொருளியலின் தொடக்கப் பாடத்திலேயே வருகிறது. எங்கள் வீட்டில் தக்காளி பயிரிடுகிறோம். பாலக்கோடு மண்டியில் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. விலை சரிந்த நாளில் எங்கள் கூடையை ஏறிட்டுப் பார்க்கவும் ஆளில்லை. விலை ஏறிய நாளிலோ வெளியூர் வியாபாரிகள் வண்டியை வழியிலேயே நிறுத்தி வாங்குகிறார்கள். பாடம் தவறா, நான் பார்த்தது தவறா?
- ஒரு மாணவி, பாலக்கோடு வட்டம்

பதில்: இரண்டும் சரியே. நீங்கள் மண்டியில் ஆட்களை எண்ணியிருக்கிறீர்கள். தேவை விதி பேசுவது விற்ற கூடைகளைப் பற்றி. வரத்து குறைந்த நாளில் ஒரு வண்டியைப் பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும், வந்ததே கொஞ்சம் என்பதால் அன்று கைமாறும் கூடைகள் குறைவாகவே இருக்கும். வரத்து பெருகிய நாளில் ஒரு வியாபாரிக்காக நூறு கூடைகள் காத்திருப்பதால் உங்கள் கூடையின் முன் யாரும் நிற்பதில்லை. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் லாரியில் ஏறிய கூடைகளை எண்ணினால், அவை முந்தைய நாளைவிட அதிகமாக இருக்கும். விலை இறங்கியதால் வாங்கும் அளவு கூடியது என்பதன் பொருள் இதுதான்.

ஆனால் விலையும் விற்பனையும் உண்மையாகவே சேர்ந்து ஏறும் நாட்களும் உண்டு. அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் வாரத்தில், வரத்து வழக்கம்போல இருந்தாலும் விலை ஏறும். அந்த விலைக்காகவே கூடுதலாகப் பறித்து வருவார்கள். இங்கே தேவைக் கோடே (ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) வலப்புறம் நகர்ந்துவிட்டது. 'பிற நிலைகள் மாறாதிருக்கும்போது' என்று பாடநூலில் வரும் சொற்றொடரை மாணவர்கள் மனப்பாடமாக எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். விதியின் உயிரே அதில்தான் இருக்கிறது. விலை மாறியதால் அதே கோட்டின் மேல் இறங்கி வருவது தேவை விரிவு. முகூர்த்தத்தால் கோடே நகர்வது தேவை அதிகரிப்பு. தேர்வில் இந்த இரண்டையும் கலந்து எழுதித்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இந்தத் தடுமாற்றம் அறிஞர்களுக்கும் நேர்ந்ததுதான். 1914-ல் ஹென்றி மூர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கச்சா இரும்பின் விலையையும் விற்பனையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கோடு மேல்நோக்கி ஏறியது. புதுவகைத் தேவைக் கோடு ஒன்றைக் கண்டுவிட்டதாகவே அவர் எழுதினார். தொழில்கள் செழித்த காலங்களில் இரும்புக்கான தேவை முழுவதும் நகர்ந்ததால், அவர் கண்டது பெரும்பாலும் அளிப்புக் கோட்டின் (ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு விற்க வருவார்கள் என்று காட்டும் கோடு) சாயலாகவே இருந்தது. சந்தையில் நாம் காணும் ஒவ்வொரு விலையும் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி என்பதையும், எந்தக் கோடு நகர்ந்தது என்று அறியாமல் அப்புள்ளிகளை இணைப்பது வழிதவறச் செய்யும் என்பதையும் எல்மர் வொர்க்கிங் என்ற பொருளியலாளர் 1927-ல் தெளிவாக விளக்கினார். முதலாமாண்டிலேயே நீங்கள் அந்த இடத்திற்கு வந்து நிற்கிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது.

விலை பாதியானாலும் வாங்கும் அளவு ஏன் இரு மடங்காவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரசத்திற்கும் குழம்பிற்கும் வேண்டிய தக்காளிக்கு ஒரு அளவு உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் இரண்டு வேளை ரசம் கூடுதலாக வைப்பதில்லை. ஒரு கணக்குக்காக, 1,000 கூடை வந்த நாளில் கூடை 400 ரூபாய்க்கும், 1,300 கூடை வந்த நாளில் 200 ரூபாய்க்கும் விற்றதாகக் கொள்வோம். மாற்றத்தை இரு நாட்களின் சராசரியால் வகுக்கும் நடுப்புள்ளி முறையில் அளவின் மாற்றம் 300-ஐ 1,150-ஆல் வகுத்தால் 0.26, விலையின் மாற்றம் 200-ஐ 300-ஆல் வகுத்தால் 0.67. ஆகவே தேவை நெகிழ்ச்சி (விலை மாற்றத்திற்கு வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்ற விகிதம்) ஏறக்குறைய 0.39, அதாவது ஒன்றுக்கும் குறைவு. விளைச்சல் கூடியும் மொத்த வருமானம் 4,00,000 ரூபாயிலிருந்து 2,60,000 ரூபாயாக இறங்கிவிட்டது. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் ஊரே வாடி நிற்பதற்குக் காரணம் இந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இனி மண்டிக்குப் போகும்போது ஒரு நோட்டில் தேதி, வரத்து, விலை ஆகியவற்றுடன், அன்று விலை மாறியதற்கான காரணத்தையும் (மழையா, முகூர்த்தமா, வெளிமாநில வரத்தா என்று) எழுதிவாருங்கள்.

கேள்வி: எங்கள் தோப்பில் பெங்களூரா மாங்காய் காய்த்துக் குலுங்கியும், விலை கட்டாது என்று அப்பா மரத்திலேயே விட்டுவிட்டார். ஆண்டு முழுவதும் செலவழித்துவிட்டு, வருகிற கொஞ்சப் பணத்தையும் விடுவது சரியா?
- ஒரு மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: உரத்திற்கும் மருந்திற்கும் உழவுக்கும் போட்ட பணம், காயைப் பறித்தாலும் பறிக்காவிட்டாலும் திரும்பாது, அது மூழ்கிய செலவு. இன்று முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பறிகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை சேர்த்துக் கிலோவுக்கு 5 ரூபாய் ஆகி, கூழ் தொழிற்சாலை 4 ரூபாய் தருமானால், பறிக்கும் ஒவ்வொரு கிலோவிற்கும் மேலும் ஒரு ரூபாய் நட்டம். அதுவே 7 ரூபாய் தந்தால், மொத்தச் செலவு 10 ரூபாயாக இருந்தாலும் பறிப்பதே சரி. கிலோவுக்கு 2 ரூபாயாவது மிஞ்சி, போட்டதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். பாடநூலில் மாறும் செலவு, மாறாச் செலவு என்று இரண்டாகப் பிரிப்பது இந்த முடிவுக்காகத்தான். உங்கள் அப்பா அந்தப் பாடத்தைப் படிக்காமலேயே சரியாகச் செய்திருக்கிறார். காய் உதிர்ந்து கிடப்பதைப் பார்க்கும் வேதனையை எந்தக் கணக்கும் போக்காது என்பதையும் நான் அறிவேன்.

கேள்வி: விலைதான் காரணம், வாங்கும் அளவு அதன் விளைவு என்றால், கணக்குப் பாடத்தில் செய்வதுபோல விலையைக் கிடை அச்சில் போடாமல் ஏன் செங்குத்து அச்சில் போடுகிறோம்?
- ஒரு மாணவி, காரிமங்கலம்

பதில்: 1890-ல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் அப்படி வரைந்தார், அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் வால்ரா விலையைக் கிடை அச்சில்தான் வைத்தார். மார்ஷல் கேட்ட கேள்வி வேறு: இவ்வளவு சரக்கு இருக்கிறது, இது முழுவதும் விற்க என்ன விலை படியும்? விடியற்காலை மண்டியில் வண்டிகள் வந்து நின்றபின் கேட்கப்படுவதும் இதே கேள்விதான். வரத்தைக் கிடை அச்சில் முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து மேலே போய் விலையைத் தேடுங்கள், படம் குழப்பாது.