செட்டிநாட்டில் மாவட்ட எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் குடியேறி வாழ முடியுமா? வெளியே நடக்க, சைக்கிள் ஓட்ட, மலை ஏற அங்கே இடம் உண்டா?

முடியும். நான் கானாடுகாத்தானில் குடியிருக்கிறேன், அதனால் உறுதியாகவே சொல்கிறேன். சென்னையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகவும், பள்ளிக்குப் போகும் மகள் இருப்பதாகவும், சுற்றுலா வந்தபோது பார்த்த பெரிய வீடுகளில் மனம் பறிகொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடுகளை நம்பி மட்டும் வந்துவிடாதீர்கள். அவற்றின் அழகு நாலு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். மனிதரை இங்கே நிலைக்க வைப்பவை வீடுகளுக்கு வெளியே இருக்கின்றன: ஊருணி, கண்மாய், பொட்டல், பாறைக் குன்று, ஒரு மாவட்டத்தில் புறப்பட்டு இன்னொரு மாவட்டத்தில் போய்ச் சேரும் ஒற்றைச் சாலைகள்.

எல்லையிலிருந்தே தொடங்குகிறேன். செட்டிநாட்டின் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் இன்று சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை இந்தப் பக்கம். கடியாபட்டி, இராயவரம், கோனாபட்டு, குழிபிறை, நற்சாந்துபட்டி அந்தப் பக்கம். இது அதிகாரிகள் மேசையில் கிழித்த கோடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சீமை முழுவதும் இராமநாதபுரம் சேதுபதியின் கையில் இருந்தது. கிழவன் சேதுபதி தொண்டைமான் குடும்பத்துப் பெண்ணை மணந்தார், மைத்துனர் இரகுநாதத் தொண்டைமானிடம் வடபகுதியை ஒப்படைத்தார், அது வளர்ந்து புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஆயிற்று. 1730 வாக்கில் சிவகங்கையும் தனிச் சீமையாகப் பிரிந்தது. பிறகு பிரிட்டிஷார் காலம் முழுக்க, நாங்கள் இருக்கும் பக்கம் சிவகங்கை ஜமீன், சைக்கிளில் போய்விடும் தூரத்தில் இன்னொரு ராஜா. அவர்கள் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒரு செப்புக் காசுகூட இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை மாவட்டமும் 1985இல் சிவகங்கை மாவட்டமும் உருவாயின. பழைய எல்லைதான் பெயர் மாறி நிற்கிறது.

அன்றாட வாழ்க்கையில் இந்த எல்லை எங்கே தட்டுப்படும் என்றால், முதலில் அரசு அலுவலகத்தில். எங்களுக்குப் புதுக்கோட்டை முப்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் எங்கள் ஆட்சியர் அலுவலகம் சிவகங்கையில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். உள்ளூர் விடுமுறைகளும் வேறு வேறு. நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேருக்குப் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு விடுமுறை. நம் பிள்ளைக்குப் பள்ளி உண்டு. கொரோனா வந்த 2020ஆம் ஆண்டில், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்ட மாதங்களில், இந்தக் கோட்டின் வலியை எல்லோரும் உணர்ந்தோம். பெண் கொடுத்த வீடு அந்தப் பக்கம், தாய்வீடு இந்தப் பக்கம். இடையில் சாவடி. சாதாரண நாளில் அப்படி ஒரு கோடு இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

இனி நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன்.

நடப்பதற்குப் பூங்கா தேட வேண்டாம், ஊருணியைத் தேடுங்கள். இங்கே வற்றாத நதி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்துத்தான் ஆண்டு முழுக்கப் பிழைக்க வேண்டும். பழைய வீடுகளின் ஓட்டுச் சரிவு வளவு என்னும் நடுமுற்றத்துக்குள் இறங்குவதும், தெருவின் வாட்டம் ஊருணியை நோக்கி இருப்பதும் அதற்காகவே. செம்புறாங்கல்லில் கட்டிய படித்துறைகள் விடியற்காலை வெளிச்சத்தில் இரத்தச் சிவப்பாக இருக்கும். குடிநீர் ஊருணியில் செருப்போடு இறங்கக் கூடாது, குளிக்கவோ துவைக்கவோ கூடாது. இதற்குப் பலகை வைத்திருக்காவிட்டாலும் ஊரே காவல். குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது. ஆனாலும் சமையலுக்கு ஊருணித் தண்ணீரையே எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நாலு சுற்று தேய்த்துவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி வைப்பார். கலங்கல் எல்லாம் சிறிது நேரத்தில் அடியில் படிந்துவிடும். “ஒரு வாய் குடித்துப் பாருங்கள் தம்பி, அப்புறம் பாட்டில் தண்ணீர் இறங்காது” என்பார். அவர் சொன்னது எனக்கு அப்படியே பலித்தது.

சைக்கிளுக்கு இதைவிட நல்ல சீமை தமிழ்நாட்டின் சமவெளியில் அதிகம் இராது. மேடு பள்ளம் குறைவு. பெரிய சாலையை விட்டு விலகினால் வண்டிகளும் குறைவு. கடியாபட்டிப் பக்கம் சுற்றித் திருமயம் போவது எனக்குப் பிடித்த பாதை. எல்லை தாண்டியதும் தைலமரக் காடுகள் தொடங்கும், மண்ணின் நிறமும் சற்று மாறும். திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது, பிறகு தொண்டைமானிடம் போனது. ஊமைத்துரை பெயரோடு சேர்த்து ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். பாறையின் உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு சீமையும் ஒரே பார்வையில் விழும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதே குன்றின் தென்புறம் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் என்று இரண்டு குடைவரைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. சைவருக்கும் வைணவருக்கும் இடையே மூண்ட நெடுநாள் வழக்கை 13ஆம் நூற்றாண்டில் பேசித் தீர்த்த செய்தி அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. மகளுக்கு அதைக் காட்டுங்கள். காலை ஒன்பதுக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் உள்ளங்கால் பொசுங்கும்.

சைக்கிள் பற்றி ஓர் எச்சரிக்கை. சீமைக் கருவேல முள் எந்த டயரையும் விடாது. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு, சாமானைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மண்பாதையில் கண்மாய்க்கரை ஏறும்போது சைக்கிளைத் தூக்கிக்கொள்வது நல்லது.

நமணசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்கு ஒருமுறை கட்டாயம் போங்கள். பாதையின் இரு மருங்கிலும் சுடுமண் குதிரைகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். புரவி எடுப்பின்போது புதிய குதிரைகளைத் தோளில் சுமந்து வந்து வைப்பார்கள். பழையவற்றை யாரும் அகற்றுவதில்லை. அவை அங்கேயே உடைந்து மண்ணாகும். இத்தகைய கோயில்காடுகளில் மரத்தை வெட்டப் பயப்படுவார்கள். அந்தப் பயம் வாழ்க. இந்தப் பக்கத்தின் பழைய மரங்களில் பலவற்றைக் காப்பாற்றியது அதுதான்.

பறவை பார்ப்பவர் என்றால் பொட்டலை விட்டுவிடாதீர்கள். செட்டிநாடு ரயில் நிலையத்தின் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள புதர்வெளியில் கவுதாரி, பனங்காடை, வானம்பாடி எல்லாம் உண்டு. கோடையில் சரளை நிலத்தில் ஆள்காட்டி முட்டையிடும். கூடு என்று எதுவும் இல்லை. வெறுந்தரையில் ஒரு சிறு குழிவு, அதில் சாம்பல் கலந்த பழுப்பில் கரும்புள்ளி தெளித்த முட்டைகள். பக்கத்துக் கூழாங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தாய்ப்பறவை நம் தலைக்கு மேல் கத்திக்கொண்டே வேறு திசையில் இழுத்துப்போகப் பார்க்கும். அது கத்தத் தொடங்கினால் அடுத்த அடியை வைக்காமல் வந்த வழியே திரும்புங்கள். இத்தகைய நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் ‘தரிசு’ என்று பெயர். ஒன்றுமில்லாத இடம் என்று நினைத்துக் குப்பை கொட்டுகிறார்கள். எனக்கு இங்கே மனம் கொதிக்கும் விஷயம் இது ஒன்றுதான்.

நீர்ப்பறவைகளுக்குக் கார்த்திகையிலிருந்து மாசி வரை வேட்டங்குடி. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் இருக்கிறது. 1977 முதல் சரணாலயம். பறவைகள் மிரளும் என்பதால் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மலை வேண்டுமென்றால் சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் மலை. அடிவாரத்தில் தேவாரப் பாடல் பெற்ற கோயில், உச்சியில் தர்கா. ஏறி இறங்க அரை நாள் வையுங்கள். குன்றக்குடி சின்னக் குன்று, மாலையில் போதும்.

இதையெல்லாம்விட மேலாக நான் நினைப்பது மீன்பிடித் திருவிழாவை. மாசி பிறந்ததும் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். பாசனம் முடிந்து, முழங்கால் முதல் இடுப்பு வரை தண்ணீர் நிற்கும் நிலையில், ஊர்க்காரர்கள் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். செய்தி எல்லை தாண்டிப் போய்விடும். விடிவதற்குள் இரண்டு மாவட்டத்து ஆட்களும் கரையில் நிற்பார்கள். ஊத்தா, கச்சா, தூரி, பரி, சேலைத்துணி என்று கையில் கிடைத்தது எல்லாம் கருவி. ஊர்ப் பெரியவர் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அந்த நொடியில் கரை முழுவதும் தண்ணீருக்குள் பாயும். ஊத்தா என்பது அடியிலும் மேலும் திறந்த குச்சிக்கூடை. கலங்கிய நீரில் ஓங்கிக் குத்த வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் கூடையின் பக்கங்களில் முட்டும். அந்த அதிர்வு மணிக்கட்டில் தெரியும். உடனே மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் வழுக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். செவுளில் விரல் கொடுத்தால்தான் பிடி கிடைக்கும். கெளுத்தி என்றால் முள் குத்தும், அந்தக் கடுப்பு ராத்திரி வரை போகாது. பிடித்த மீனை விற்பதில்லை என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. கிடைக்காதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் இரண்டு கெண்டையைப் போட்டுவிட்டுப் போவான். நான் வெளியூரிலிருந்து வந்தவன். என்னை இந்த மண் சேர்த்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்தது சேறு பூசிய அந்தக் கூட்டத்தில்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை, ஊத்தாவைச் சரியாகப் பிடிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மஞ்சுவிரட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தை மூன்றாம் நாள் சிராவயலில் கூட்டம் அலைமோதும். காளைகள் திறந்தவெளியில் எந்தப் பக்கமும் திரும்பும். மகளோடு போனால் உயரமான இடத்தை விட்டு இறங்காதீர்கள்.

வீடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய வீடுகள் பெரும்பாலும் பங்காளிகள் பலருக்கு உரியவை. திருமணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள், மற்ற நாட்களில் காவலாள் மட்டும். வாடகைக்குக் கிடைப்பது கடினம். நீங்கள் தேட வேண்டியது இரண்டு அறை, ஒரு திண்ணை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கொண்ட சிறிய வீடு. கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் தூண்களும் நிலைகளும் பிரிக்கப்பட்டுப் பழம்பொருள் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பல தெருக்களில் ஒரு விளக்கும் எரியாது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு அந்த வெறுமை முதல் ஆண்டில் நெஞ்சை அழுத்தும். உங்கள் மனைவியிடம் இதை முன்னமே பேசிவிடுங்கள்.

பள்ளி, கல்லூரி, மருத்துவர், மளிகை எல்லாவற்றுக்கும் காரைக்குடிதான். 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெரிய நோய் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறோம். காரைக்குடியிலிருந்து இரண்டும் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் அதிகாலையில் காரைக்குடியிலிருந்தே புறப்படுகிறது. இணைய இணைப்பு வேலைக்குப் போதுமானது, ஆனால் இடி மழையில் மின்சாரம் போகும், இன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள்.

வெயிலை மறைத்துச் சொல்ல மாட்டேன். பங்குனியிலிருந்து ஆனி வரை காலை எட்டுக்கு மேல் மாலை ஐந்து வரை வெளியே எதுவும் முடியாது. நடை, சைக்கிள் எல்லாம் விடியலுக்கு மாறிவிடும். அந்த மாதங்களில் புதரோரம் நடந்தால் காலணி போட்டுக்கொள்ளுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள், விரியன் பாம்பு உண்டு.

எனவே வீட்டைக் காலி செய்வதற்கு முன் இரண்டு முறை வந்து தங்குங்கள். முதலில் கார்த்திகையில், கண்மாய் நிறைந்திருக்கும்போது. இரண்டாவது சித்திரையில், கத்திரி தொடங்குவதற்குச் சற்று முன்பு. அப்போது எங்காவது ஒரு கண்மாயில் துண்டு வீசுவார்கள். டீக்கடையில் கேட்டால் எந்த ஊர், என்றைக்கு என்று சொல்வார்கள். ஊத்தா நான் தருகிறேன்.