நிச்சயமான பெண் அமெரிக்காவில், நாடுகடத்தப்பட்ட தம்பி சிங்கப்பூரில்

கேள்வி: என் தம்பி மாணவர் விசாவில் அமெரிக்கா சென்று, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடையொன்றில் வேலை பார்த்தான். குடிநுழைவு நீதிபதியின் உத்தரவுப்படி 2021இல் திருப்பி அனுப்பப்பட்டான். இப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெண்ணோடு நிச்சயமாகியிருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களை மணக்கப் போகிறவர்களுக்கான கே-1 விசாவில் அவன் போக முடியுமா? தை மாதம் தாலி கட்டுவதற்குமுன் இங்கேயே பதிவை முடித்துவிடலாம் என்கிறார் அம்மா.
வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: முதலில் அம்மாவின் யோசனையை நிறுத்தி வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காகவோ மண்டபம் கிடைக்காததாலோ பதிவை முன்கூட்டியே முடித்துக்கொள்வது இங்கே நம் குடும்பங்களில் சாதாரணம். ஆனால் திருமணப் பதிவு முடிந்த அன்றே உங்கள் தம்பி சட்டப்படி கணவராகிவிடுவார். மணமாகாதவருக்கான கே-1 அவருக்குப் பொருந்தாது. பிறகு அந்தப் பெண் ஐ-130 மனு கொடுத்து, கணவருக்கான குடியேற்ற விசாவைத்தான் நாட வேண்டியிருக்கும். அதுவும் நல்ல வழிதான். தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, தெரியாமல் போய்ச் சிக்கக் கூடாது.

கே-1க்கு அந்தப் பெண் ஐ-129எஃப் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். மனு கொடுப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும்; காணொளி அழைப்பு கணக்கில் வராது. அமெரிக்காவில் நுழைந்த 90 நாள்களுக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். மனு ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்ததும் பலர் இனிப்பு வழங்கிவிடுகிறார்கள். அந்த ஏற்பு பழைய உத்தரவை அழிப்பதில்லை. அந்த உத்தரவு இங்குள்ள நேப்பியர் சாலை அமெரிக்கத் தூதரக நேர்காணலில்தான் எழுந்து நிற்கும்.

எனவே அந்த உத்தரவைத் தேடி எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘திருப்பி அனுப்பிவிட்டார்கள்’ என்று வீட்டில் ஒரே வார்த்தையில் சொல்வது சட்டத்தில் பலவகைப்படும். விமான நிலையத்திலேயே அதிகாரி பிறப்பிக்கும் உடனடி வெளியேற்ற உத்தரவுக்குப் பொதுவாக 5 ஆண்டுத் தடை, நீதிபதியின் உத்தரவுக்கு 10 ஆண்டு, இரண்டாம் முறையானால் 20 ஆண்டு. தாமாகவே வெளியேற நீதிபதி அனுமதித்து, குறித்த நாளுக்குள் கிளம்பியிருந்தால் அது நாடுகடத்தலே ஆகாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு 10 ஆண்டு, அதாவது 2031 வரை. தக்க காரணமின்றி விசாரணைக்கே போகாமல் இருந்திருந்தால், வெளியேறிய நாளிலிருந்து 5 ஆண்டுக்குத் தனித் தடை ஒன்றும் உண்டு. அதற்கு விலக்கு கிடையாது.

10 ஆண்டையும் காத்திருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மீண்டும் நுழைய முன் அனுமதி கோரும் ஐ-212 விண்ணப்பம் அதற்காகத்தான் இருக்கிறது. அனுமதியின்றித் தங்கிய காலம் ஓராண்டை எட்டியிருந்தால், அதற்கு வேறாக ஒரு 10 ஆண்டுத் தடை வரும். அதை விலக்க ஐ-601 என்ற விலக்கு விண்ணப்பம் வேண்டும். அவர் இல்லாமல் அந்தப் பெண் கடும் இன்னலுக்கு ஆளாவார் என்று அதில் நிறுவ வேண்டும். ‘பிரிந்திருக்க முடியவில்லை’ என்பது மட்டும் போதாது. மாணவர் விசாவில் ‘படிப்புக் காலம் முழுவதும்’ என்று அனுமதிக்கப்பட்டவருக்கு, அனுமதியின்றித் தங்கிய காலத்தின் கணக்கு, படிப்பை நிறுத்திய நாளிலிருந்து அல்ல, பொதுவாக நீதிபதியோ குடிநுழைவுத் துறையோ மீறலைத் தீர்மானித்த பிறகே தொடங்கும். இதை அறியாமல் தேவையற்ற விலக்குக்கு விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் குடிநுழைவு வழக்கறிஞரிடம் உத்தரவின் நகலைக் காட்டிக் கணக்கிடச் சொல்லுங்கள்.

விசா படிவத்தில் நாடுகடத்தப்பட்டதுண்டா என்ற கேள்வி வரும். ‘ஆம்’ என்றே எழுதச் சொல்லுங்கள். கைரேகை அவர்களிடம் இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் அந்தப் பொய்யே வாழ்நாள் தடைக்குக் காரணமாகிவிடும். அமெரிக்கா மட்டும் கடுமை காட்டுகிறது என்றும் எண்ண வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து வெளியேற்றப்பட்டவரும் குடிநுழைவுக் கட்டுப்பாட்டாளரின் அனுமதியின்றி மீண்டும் உள்ளே வர முடியாது.

கே-1தான் என்று முடிவானால் தாலியும் அமெரிக்காவில்தான். நிச்சயதார்த்தத்தில் மாலை மாற்றிய படத்தைக்கூட அதிகாரி திருமணப் படமாக எடுத்துக்கொள்ளலாம். அது வெறும் நிச்சயம் என்பதை விளக்கத் தம்பி தயாராக இருக்கட்டும். தை மாத மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால், திரும்பக் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.