அண்ணாவுக்கு ஆத்ம இளைப்பாற்றிப் பூசை குடுக்கலாமோ?

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கட ஊர் மன்னார் மாவட்டம். 2007இல வெளிக்கிட்டு அடம்பன், மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு எண்டு கடைசியில முள்ளிவாய்க்கால் மட்டும் போய் வந்த குடும்பம். 2009 மே மாசம் வட்டுவாகல் தாண்டி வரேக்க ஆமிக்காரர் அண்ணாவை "விசாரிச்சிட்டு விடுறம்" எண்டு பஸ்ஸில ஏத்தினவை, அம்மா கண்ணால பாத்தவ, அதோட சரி. அம்மா இண்டைக்கும் வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம், ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு திருநாளுக்கும் மடு மாதா கோயிலில நிப்பா. அப்பா முன்னம் கோயில் மூப்பர். இப்ப எங்களை வாசலில இறக்கிப்போட்டு மோட்டச்சைக்கிளில இருந்து பேப்பர் படிக்கிறார், உள்ளுக்கு வரமாட்டார். தங்கச்சி கத்தோலிக்கக் கோயிலை விட்டிட்டு வேற கிறிஸ்தவ சபைக்குப் போயிட்டாள். நான் பாட்டுக்குழுவில பாடுறன், ஆனா உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லை. இந்த நவம்பர் 2 ஆத்துமாக்கள் திருநாளுக்கு மரிச்சவையின்ர லிஸ்டில அண்ணான்ர பேரையும் குடுப்பம் எண்டு பெரியம்மா சொன்னா, நானும் ஓம் எண்டிட்டன். அண்டையில இருந்து அம்மா என்னோட கதைக்கேல்ல. நான் செய்தது பிழையோ அக்கா? யுத்தம் எங்கட விசுவாசத்தையும் கொண்டு போட்டுதோ?
– பெயர் வேண்டாம், மன்னார்

பதில்:

தங்கச்சி, பேரைக் குடுக்காதேங்கோ. முதல்ல அதைச் சொல்லிப்போட்டுப் பேந்து மிச்சத்தைக் கதைப்பம்.

பெரியம்மா கெட்ட எண்ணத்தில சொல்லேல்ல. பிள்ளைக்கு ஒரு பூசையாவது வேணும் எண்டுதான் சொல்லியிருப்பா, உங்களுக்கும் ஒரு முடிவு வந்தாக் காணும் எண்டு இருந்திருக்கும், அதுவும் நியாயம்தான். ஆனா அம்மான்ர பக்கத்தில நிண்டு பாருங்கோ. இத்தனை வருஷமா ஆணைக்குழு, விசாரணை, படிவம் எண்டு வந்தவை எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரு இடத்திலதான் வந்து நிண்டவை, மரணச் சான்றிதழை எடுங்கோ, நட்டஈடு தாறம் எண்டு. ஏலாது எண்டு சொல்லி எத்தினை தாய்மார் அந்தக் காசை வேண்டாம எழும்பி வந்தவை. 2016இல சட்டத்தை மாத்தி, செத்ததெண்டு எழுதாம, ஆள் காணாமல் போனதெண்டு மட்டும் ஒரு சான்றிதழ் குடுக்கலாம் எண்டு கொண்டு வந்தவை, அதுவும் இந்தத் தாய்மார் விட்டுக்குடுக்காததாலதான் வந்தது எண்டு நான் நினைக்கிறன். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் போன பிள்ளையளுக்குப் பதில் கேட்டுக் குந்தின சனம் பேந்து வருஷக்கணக்கா எழும்பேல்ல, சைவச் சனமும் வேதக்காரச் சனமும் ஒரே கொட்டிலுக்க, ஒரு பக்கம் தேங்காய் உடைக்கினம், ஒரு பக்கம் செபமாலை சொல்லுகினம், பிள்ளையின்ர முடிவு தெரியாமலே எத்தினையோ தாய்தேப்பன் கண்ணை மூடிட்டினம். இவ்வளவுக்குப் பிறகு அம்மா தன்ர கோயிலிலயே, தன்ர மகள் எழுதிக் குடுத்த லிஸ்டில, மைக்கில மகன்ர பேரை மரிச்சவையோட சேத்து வாசிக்கிறதைக் கேக்கிறா எண்டு வையுங்கோ. அரசாங்கம் கேட்டுக் குடுக்காத கையெழுத்தை நீங்கள் போட்டுக் குடுத்த மாதிரித்தான் அவவுக்கு இருக்கும்.

அம்மாவுக்கு ஏத்துக்கொள்ளுற மனம் இல்லை, விசுவாசம் குறைவு எண்டு ஆரும் சொன்னா வேதாகமத்தைத் திறந்து காட்டுங்கோ. இராகேல் தன்ர பிள்ளையளுக்காக அழுகிறா, ஆறுதல் வேண்டாம் எண்டுறா, ஏனெண்டா பிள்ளையள் இல்லை. இந்த வசனம் ரெண்டு இடத்தில வருது. எரேமியா 31இல அடுத்த வரியிலயே கடவுள் அழாதை, உன்ர பிள்ளையள் எதிரியின்ர நாட்டில இருந்து திரும்பி வருவினம் எண்டு சொல்லுறார். மத்தேயு, ஏரோது பச்சப் பிள்ளையளைக் கொல்லுற இடத்தில அதே வசனத்தை எடுத்துப் போடுறார், ஆனா திரும்பி வருவினம் எண்ட வரியை எடுக்கேல்ல, அழுகையோட விட்டிடுறார். உங்கட அம்மா எரேமியாவில நிக்கிறா, அப்பா மத்தேயுவில நிக்கிறார் எண்டு எனக்குப் படுது. ரெண்டும் வேதாகமம்தானே, இதில ஆரை நீங்கள் திருத்தப் போறியள்?

பூசை விசயத்துக்கு ஒரு வழி இருக்கு, ஏன் உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ தெரியாது. பூசை செத்த ஆக்களுக்கு மட்டும் ஒப்புக்குடுக்கிறதில்லை. திருச்சபைச் சட்டம் 901 உயிரோட இருக்கிறவைக்கும் இறந்தவைக்கும், ஆருக்கும் ஒப்புக்குடுக்கலாம் எண்டு தெளிவாச் சொல்லுது. பரீட்சைக்கு, ஒப்பரேசனுக்கு, வெளிநாடு போறவைக்கு எண்டு எத்தினை பூசை குடுக்கிறம். அண்ணான்ர பேருக்கு ஒரு பூசை குடுங்கோ, நவம்பரில வேண்டாம், அவன் பிறந்த நாளில குடுங்கோ. "ஆத்ம இளைப்பாற்றிக்காக" எண்டு எழுதாம வெறுமன "இன்னாருக்காக" எண்டு பேரை மட்டும் எழுதினாப் போதும். அவன் எங்க இருக்கிறான் எண்டு கடவுளுக்குத் தெரியும்தானே, நாங்கள் விலாசம் எழுதிக் குடுக்கத் தேவையில்லை. அந்தப் பூசையில அம்மா உயிரோட இருக்கிற மகனுக்குச் செபிப்பா, பெரியம்மா ஆத்துமாவுக்குச் செபிப்பா, ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில இருந்து செபிக்கட்டும்.

இனி அப்பா. உங்கட கடிதத்தில எனக்கு ஆகக் கூட யோசினை தந்தது அவர்தான், நீங்கள் ஒரு வரியில எழுதிப்போட்டு விட்டிட்டியள்.

சண்டைக் காலத்தில எங்கட சனத்துக்குக் கோயில் எண்டா என்ன? கும்பிடுற இடம் மட்டும் இல்லை, பங்கர் இல்லாதவைக்கு அதுதான் பங்கர். செல்லடிச்சாக் கோயிலுக்கு ஓடு, அங்க அடிக்க மாட்டாங்கள், இதுதான் நாங்கள் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்த பாடம். 1995 ஜூலை 9 நவாலி புனித இராயப்பர் கோயிலுக்க அப்பிடி நம்பித்தான் சனம் போய் இருந்தது, விமானம் வந்து போட்ட குண்டில நூறுக்கும் மேல ஆக்கள் செத்தவை. 1999 நவம்பரில மடுக் கோயில் வளவுக்குள்ளயே செல் விழுந்து, மாதாவே தஞ்சம் எண்டு வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட சனம் போனது. 2005 நத்தார் நடுச்சாமப் பூசையில மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்துக்குள்ள வைச்சே எம்.பி. ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டவை. இதெல்லாம் கேட்டு வளந்த மனுசன் உங்கட அப்பா. அதோட அவர் மூப்பர். மூப்பர் எண்டா, செல் வரேக்க மணி அடிச்சு "எல்லாரும் கோயிலுக்கை வாங்கோ" எண்டு சனத்தைக் கூப்பிட்டதும் அவராத்தான் இருக்கும். அப்பிடி அவர் கூப்பிட்டு வந்த ஆருக்கும் ஏதும் நடந்துதோ? எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்டிருக்க மாட்டியள், எங்கட வீடுகளில தேப்பன்மாரிட்ட உதெல்லாம் ஆர் கேக்கினம்.

அவர் வாசலில நிக்கிறதைப் பாத்து, உள்ளுக்குள்ள விசுவாசம் இருக்கு, ஒருநாள் வருவார் எண்டு உங்களைத் தேத்துறதுக்கு நான் சொல்ல மாட்டன். உண்மையாவே போயும் இருக்கலாம். முள்ளிவாய்க்காலால வந்த ஒரு மனுசன் இனிக் கும்பிட மாட்டன் எண்டு சொன்னா அதுக்கு அவரிட்ட காரணம் இருக்கு, பிரசங்கத்தில சொல்லித் தீக்கிற காரணம் இல்லை அது. பங்கில ஆரும் அவரைப் பாத்து "மூப்பர், எப்ப உள்ளுக்கு வாறியள்" எண்டு பகிடி விடுகினம் எண்டா நீங்கள் போய் நிப்பாட்டுங்கோ. மற்றபடி அவரைப் பேப்பர் படிக்க விடுங்கோ. ஒருநாளைக்குப் பூசைக்குப் போகாம நீங்களும் அந்த மரத்தடியில அவரோட இருந்து பாருங்கோ, பாட்டுக்குழுவில ஒரு குரல் குறைஞ்சா ஒண்டும் ஆகாது.

அம்மா ஏன் மடுவுக்கே ஓடுறா எண்டு நீங்கள் கேக்கேல்ல, எண்டாலும் சொல்லுறன். அந்தச் சுரூபமே இடம்பெயந்து வந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தேக்க, 1670 அளவில, மாந்தையில இருந்த சனம் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்க வந்ததுதான் மருதமடு. 2008 ஏப்ரலில சண்டை கிட்ட வரேக்க ஃபாதர்மார் திரும்பவும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனவை, ஆகஸ்டிலதான் திரும்பி வந்தவ. பொடியனைப் பறி குடுத்த தாய், வீட்டை விட்டு ரெண்டு தரம் வெளிக்கிட்டவ, அம்மாவுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. 2015 ஜனவரியில பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வரேக்க வெயிலுக்க நிண்ட சனத்தில எத்தினை பேர் கையில பிள்ளையின்ர படம் இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

தங்கச்சியைப் பற்றிக் கனக்க எழுத மாட்டன். சபை வேற, கோயில் வேற எண்டு சண்டை பிடிக்காதேங்கோ. முகாமில இருந்து வந்து பிய்ஞ்ச தறப்பாளுக்குள்ள இருந்த காலத்தில ஆர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில கை வைச்சு, பக்கத்தில இருந்து அழுதவை எண்டு கேளுங்கோ. ஒரு ஃபாதருக்கு நாலஞ்சு ஊர் எண்டு இருந்த இடத்தில சபைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தவை, அதுதான் உண்மை. சபையில சாட்சி சொல்லுறது எண்டு ஒண்டு இருக்கு, மைக்கைப் பிடிச்சு எனக்கு என்ன நடந்தது எண்டு வாய் விட்டுச் சொல்லலாம், எங்கட பூசையில அதுக்கு இடமே இல்லையே. ஒண்டு மட்டும் கவனியுங்கோ: யுத்தம் எங்கட பாவத்துக்குக் கிடைச்ச தண்டனை, சிலையைக் கும்பிட்டதாலதான் பிள்ளை போனவன் எண்டு அங்க ஆரும் படிப்பிச்சு, அதை அவள் அம்மான்ர முகத்துக்கு நேர சொன்னா, அக்காவா நீங்கள் கண்டிக்கத்தான் வேணும். எங்கட பக்கத்திலயும் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" எண்டு சொல்லிப்போட்டுப் போற ஃபாதர்மார் இருக்கினம், அதுவும் அதே சாமான்தான், கொஞ்சம் சீனி போட்டது.

இப்ப உங்களிட்ட வாறன். ஒரு பக்கக் கடிதத்தில உங்களைப் பற்றி ஒரே ஒரு வசனம், "உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லை". அண்ணா போகேக்க நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையா இருந்திருப்பியள். அம்மாவைப் பாத்து, அப்பாவைப் பாத்து, தங்கச்சியைப் பாத்து, வீட்டில அழாத ஆள் நீங்கள் ஒராள்தான் எண்டு நினைக்கிறன். ஒண்டும் இல்லாமப் போனது கடவுள் விட்டிட்டுப் போனதெண்டு அவசரப்பட்டு முடிவு கட்டாதேங்கோ, அது களைப்பாகவும் இருக்கலாம். மன்னார் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில உளவளத்துணை செய்யிற ஆக்கள் இருக்கினம், ஒருக்காப் போய்க் கதையுங்கோ, விசுவாசம் குறைஞ்சவைதான் அங்க போவினம் எண்டில்லை. செபிக்க வரேல்ல எண்டா 88ம் சங்கீதத்தை எடுங்கோ. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் அநேகமா முடிவில "ஆனாலும் உம்மைப் போற்றுவேன்" எண்ட மாதிரித் திரும்பும், இது திரும்பாது, இருட்டு எண்டு முடியுது, அதையும் வெட்டி எறியாம வேதாகமத்துக்க வைச்சிருக்கினம்.

உணர்ச்சி வந்தாத்தான் விசுவாசம் எண்டும் இல்லைப் பாருங்கோ. உங்கட ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில அரசாங்கத்தின்ர நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால போய் இருந்து என்ன செய்தவர்? 2008 ஒக்டோபரில வன்னியில இருந்த சனம் 4,29,059, பேந்து அரசாங்கப் பக்கம் வந்து சேந்தது 2,82,380, மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது எண்டு கணக்குக் காட்டிக் கேட்டவர். கண்ணீர் விட்ட பிரசங்கம் இல்லை, ஒரு கழித்தல் கணக்கு. கச்சேரி எண்ட மாவட்டச் செயலகத்தின்ர கணக்கை வைச்சே அரசாங்கத்தைக் கேட்ட அந்தக் கேள்விக்கு 2021இல அவர் சாகும் மட்டும் ஒழுங்கான பதில் வரேல்ல. நான் கேட்ட செபங்களில பெரிய செபம் எண்டு அதைத்தான் சொல்லுவன். 2009 மே 18 ஆமியிட்டச் சரணடைஞ்சவையோட கூடப் போன பிரான்சிஸ் ஜோசப் ஃபாதரையும் பேந்து ஒருத்தரும் காணேல்ல. அம்மாவைப் போலதான் திருச்சபையும் தன்ர ஆளைத் தேடிக்கொண்டு நிக்குது.

செய்ய வேண்டியதைச் சொல்லுறன். நவம்பருக்கு முதல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பங்குத் தந்தையிட்டப் போங்கோ, பூசைப் புத்தகத்தில அண்ணான்ர பேரை அம்மான்ர கையாலயே எழுதட்டும், என்னெண்டு எழுதிறது எண்டு அவவே சொல்லட்டும். நவம்பர் 2 சேமக்காலைக்குப் போகேக்க அப்பப்பா, அம்மம்மா கல்லறையில மெழுகுதிரி கொளுத்துங்கோ, அண்ணாவுக்கெண்டு அங்க தனியா ஒண்டும் கொளுத்த வேண்டாம். அம்மாவிட்ட மன்னிப்பு எண்டு பெரிசா ஒண்டும் கேக்கத் தேவையில்லை, "பேர் குடுக்கேல்ல அம்மா" எண்டு சொன்னாக் காணும், அவ கதைப்பா. பெரியம்மாவுக்கும் நீங்களே நேர போய்ச் சொல்லுங்கோ, வேற ஆக்கள் மூலம் போக வேண்டாம். கோவிப்பாதான். ரெண்டு கிழமை விடுங்கோ, பேந்து மீன் குழம்போட வருவா.