சிலை போன தீவு: சாமோத்ராக்கி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். ஜூனில் நானும் மனைவியும் கிரீஸ் போகிறோம். சாண்டோரினி கூட்டம் வேண்டாம் என்று வடக்கே சாமோத்ராக்கி தீவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். “அங்கே இருந்த ஒரே பெரிய சிலையும் பாரிஸ் போய்விட்டது, அப்புறம் என்ன பார்க்கப் போகிறாய்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மனிதக் கை படாத இயற்கைக்காகவாவது போகலாம் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன?

க., ஃபிராங்க்ஃபர்ட்

அன்புள்ள க.,

தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த ‘மனிதக் கை படாத’வை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் சிலை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் படிக்கட்டு உச்சியில் தலையும் கைகளும் இல்லாமல் சிறகு விரித்து நிற்கிற கிரேக்க வெற்றித் தேவதை நிக்கேதான் அது. 1863இல் பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஷாம்புவாசோ அதைத் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்து அனுப்பினார். பக்கத்தில் கிடந்த சாம்பல் நிறக் கற்களை ஏதோ சமாதிக் கட்டடம் என்று நினைத்து அங்கேயே போட்டுவிட்டார். பிறகு வந்த ஆஸ்திரிய ஆய்வாளர்கள்தான் அந்தக் கற்களைச் சேர்த்தால் ஒரு கப்பலின் முன்பகுதி வருகிறது, தேவதை அதன்மேல்தான் இறங்கி நின்றாள் என்று கண்டுபிடித்தார்கள். 1879இல் ஷாம்புவாசோ திரும்ப வந்து அந்தக் கற்களையும் கொண்டுபோனார். 1950இல் வலது உள்ளங்கை கிடைத்தது, அதுவும் இப்போது பாரிஸில்தான். தீவின் அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கப்போவது பிளாஸ்டர் நகல்.

உங்கள் நண்பர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலை நின்ற இடத்தை அவர்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பாலையோபோலிஸில் மகா தெய்வங்களின் கோயில் மலையடிவாரத்தில், ஓடைகள் அறுத்துப் போட்ட மேடுபள்ளங்களில் இருக்கிறது. நிக்கே மேற்கு மேட்டில், அரங்கத்துக்கு மேலே நின்றாள். அங்கே நின்று கீழே பார்த்தால் இடிபாடுகள், அதற்கப்பால் கடல். கப்பல்மேல் தேவதையை ஏன் வைத்தார்கள் என்பது லூவரில் புரியாது, அங்கே புரியும்.

இந்தக் கோயிலில் தீட்சை பெற்றவர்களைக் கடல் கைவிடாது என்பது நம்பிக்கை. ஆண், பெண், அடிமை, கிரேக்கர், வெளியாள் என்று யார் வேண்டுமானாலும் தீட்சை பெறலாம். சடங்கில் நடந்ததை மட்டும் வெளியே சொல்லக்கூடாது. எத்தனையோ நூற்றாண்டுகள் எத்தனையோ பேர் வந்துபோயும் அந்த ரகசியம் இன்றுவரை முழுதாக வெளியே வரவில்லை! அலெக்சாந்தரின் அப்பா பிலிப்பும் அம்மா ஒலிம்பியாஸும் முதலில் சந்தித்துக்கொண்டது இங்கே தீட்சைக்கு வந்த இடத்தில்தான் என்கிறார் பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். எனக்குப் பிடித்தது டியாகோரஸ் கதை. ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொல்வது. நாத்திகரான டியாகோரஸிடம் நண்பர் ஒருவர், புயலில் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டி, “தெய்வம் இல்லை என்கிறீரே, இதற்கு என்ன சொல்கிறீர்?” என்றாராம். “மூழ்கியவர்கள் படம் வைக்கவில்லையே” என்றாராம் டியாகோரஸ்.

நிமிர்ந்து நிற்கும் ஐந்து தூண்களை எல்லோரும் படமெடுப்பார்கள். அவை 1956இல் தூக்கி நிறுத்தியவை. நீங்கள் அரசி அர்சினோயியின் வட்டக் கட்டடத்தின் அடித்தளத்தருகே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 20 மீட்டர் குறுக்களவு. கிரேக்க உலகில் கூரையிட்ட வட்டக் கட்டடங்களில் இதுவே பெரியது.

இப்போது இயற்கைக்கு வருகிறேன். வடக்குச் சரிவில் தெர்மா ஊரைச் சுற்றி ஓடைகள், பிளேன் மரங்கள், பாறைக் குழிகளில் குளிர்ந்த தண்ணீர். ஃபோனியாஸ் ஓடையோரமாக நடந்து அருவிக்குப் போங்கள், செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. போகிற வழியில் புதர்களைக் கவனியுங்கள். ஓர் ஆடு பின்னங்காலில் எழும்பினால் வாய் எட்டுகிற உயரம் வரைக்கும் இலையே இருக்காது, அதற்கு மேலேதான் பச்சை. வயதான ஓக் மரங்கள் நிற்கும், மரக்கன்று ஒன்றைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம். முளைத்ததும் ஆட்டின் வாய்க்குப் போய்விடுகிறது.

தீவில் மனிதர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. மலையில் தன்போக்கில் திரியும் ஆடுகள் பல பத்தாயிரம். தலைக்கு இவ்வளவு என்று ஐரோப்பிய மானியம் வந்த காலத்தில் மந்தைகள் பெருகின. வேர் பிடிப்பில்லாத மண் மழைக்குத் தாங்காது. 2017 செப்டம்பரில் பெருமழை கொட்டியபோது சோரா ஊருக்குள் மண்ணும் பாறையும் இறங்கின, நகர்மன்றக் கட்டடமே சிதைந்தது. ஹோமர் இலியட்டில் இதைக் காடடர்ந்த தீவு என்கிறார். இதன் உச்சியில் உட்கார்ந்துதான் கடல் தெய்வம் போசைடன் டிராய்ப் போரைப் பார்க்கிறான். வரைபடத்தில் பார்த்தால் நடுவில் இம்ப்ரோஸ் தீவு மறைப்பதுபோல் இருக்கும். ஆனால் 1,611 மீட்டர் ஃபெங்காரி சிகரம் இம்ப்ரோஸுக்கு மேலாகத் தலைநீட்டும். ஹோமர் சொன்ன பார்வை சரிதான், காடுதான் பாதி இல்லை.

இதெல்லாம் போகவேண்டாம் என்பதற்காக அல்ல. ‘தொடாத இயற்கை’ என்று நினைத்துப் போனால் அழகான படங்களோடு திரும்புவீர்கள். சிலையை எடுத்ததும் தூணை நிறுத்தியதும் மலையை மொட்டையாக்கியதும் மனிதர்கள்தான் என்று தெரிந்து போனால் அந்தத் தீவிடம் பேச உங்களுக்கு விஷயம் இருக்கும். புரோஃபிட்டிஸ் இலியாஸ் கிராமத்தில் ஆட்டுக்கறி பிரசித்தம். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் காட்டுக்கு ஒரு சின்ன உதவி.

நல்ல இயற்கைத் துறைமுகம் கிடையாது, காற்று பலமாக வீசினால் கப்பல் வராது. எதிர்க்கரைத் துறைமுகமான அலெக்சாந்த்ரூபோலியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். ஆனாலும் 2019 ஆகஸ்டில் கப்பல் பழுதாகி நூற்றுக்கணக்கானவர்கள் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதை அலெக்சாந்த்ரூபோலியில் கழியுங்கள்.