வெளிநாடு போய் விட்டுப்போன சவாரியை மறுபடி தொடங்க முடியுமா?

உங்கள் கேள்வி இதுதான்: இருபது வயது வரை குதிரை ஓடினீர்கள். பிறகு வெளிநாடு, வேலை, பிள்ளைகள் என்று பதினைந்து வருடம் போய்விட்டது. இப்போது மறுபடி ஏற ஆசை. ஆனால் உடம்பு இடம் கொடுக்குமா, பழைய சந்தோசம் திரும்பக் கிடைக்குமா என்று பயம். அப்படித் திரும்பிப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் திரும்பிப் போனவன். ஆனால் என் கதை குதிரையில் தொடங்கவில்லை. மாட்டில் தொடங்கி, குதிரை வழியாகப் போய், மாட்டிடமே வந்து சேர்ந்தது. அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே. வன்னியில் நாங்கள் குதிரை கண்டதில்லை. சவாரி என்றால் எங்களுக்கு மாட்டுவண்டிச் சவாரிதான். தமிழ்நாட்டுக்காரர் ரேக்ளா என்று சொல்வதற்கு அது கிட்டத்து உறவு. பாரம் குறைந்த திருக்கல் வண்டி, ஒரு சோடி நாம்பன் (இளங்காளை), நுகம், நாணயக்கயிறு (மூக்கணாங்கயிறுதான்), கையில் ஒரு துவரங்கேட்டி (மாட்டை விரட்டும் தடி). மாடுகளைத் தரம் பார்த்து ஏ, பி, சி என்று பிரிவு பிரித்து விடுவார்கள். பொங்கல் நெருங்கினால் ஊரில் வேறு கதையே இருக்காது.

ஐயா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல சவாரிக்காரர். போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அவர் முற்றத்தில் குந்தியிருந்து நுகத்தோடு வேலை செய்வது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வண்டியின் ஏர்க்காலை நுகத்தின் நட்டநடுவில் கட்டமாட்டார். இரண்டு மாட்டில் எது பலமானதோ அதன் பக்கம் ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுவார். கட்டிவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்ப்பார், திரும்பி வந்து அவிழ்ப்பார், அரை விரல் மாற்றுவார். பலமான மாட்டுக்குப் பாரம் கொஞ்சம் கூடும், மற்றதுக்குக் குறையும். ஏன் இவ்வளவு கஷ்டம், இளைத்த மாட்டுக்கு இரண்டு போட்டால் ஓடுமே என்று நான் கேட்டபோது சொன்னார்: “ரெண்டும் ஒரே நேரத்தில களைக்கோணும் தம்பி. அதுதான் சோடி.”

எனக்கு அப்போது பதினாறு வயது. கேட்டேன், விளங்கவில்லை. பத்தொன்பது வயதில் நானே வண்டியில் ஏறியபோது என் கேட்டியின் நுனியில் ஆணி இருந்தது. அந்த நாளில் பலரும் வைத்தார்கள், வாலை முறுக்குவார்கள், கடிப்பார்கள். நானும் செய்தேன். ஓடி முடித்த மாட்டின் பின்தொடையில் இரத்தம் காய்ந்து ஈ மொய்த்ததைப் பார்த்துக்கொண்டே வென்ற கதை பேசியிருக்கிறேன். ஐயா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. தானே வேப்பிலை அவித்துக் காயத்தைக் கழுவினார்.

2002-ல் சமாதானம் வந்து, வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தது. 2003-ல் நான் ஜேர்மனிக்குப் போனேன், 22 வயதில். ஹம் நகரத்தில் இருந்தேன். காமாட்சி அம்மன் கோயில் இருப்பதால் அந்தப் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். பேக்கரி ஒன்றில் இரவு வேலை. மாடு, வண்டி எல்லாம் தொலைபேசியில் ஐயாவிடம் விசாரிக்கும் விசயமாகிவிட்டது.

2008 கடைசியில் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. வீட்டார் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் வண்டி இனிப் போகாது என்று ஆனதும், ஐயா இரண்டு மாட்டின் நாணயக்கயிற்றையும் கத்தியால் அறுத்து அவிழ்த்து விட்டிருக்கிறார். கட்டிக்கிடந்தால் ஷெல் விழும்போது அதுகளால் ஓட முடியாதே என்றுதான். தம்பி முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு 2010-ல் எனக்கு இதைச் சொன்னான். ஐயா அதற்கு முதல் வருடம் சித்திரையிலேயே போய்விட்டார்.

2009-ல் நான் யாரோடும் பேசாமல் திரிந்தேன். புரட்டாதி மாதம், வேலையிடத்து நண்பர் ஒருவர் வலுக்கட்டாயமாகக் காரில் ஏற்றி வாரன்டோர்ஃப் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹம்மில் இருந்து கிட்டத்தான். ஜேர்மன் குதிரை விளையாட்டின் தலைநகர் என்றே அதைச் சொல்லலாம். நாட்டின் குதிரையேற்றச் சம்மேளனம் அங்கேதான் இருக்கிறது. 1826-ல் தொடங்கிய அரச குதிரைப் பண்ணையும் அங்கே உண்டு. இலையுதிர் காலம் வந்தால் அந்தப் பண்ணையின் பொலிகுதிரைகள் அணிவகுக்கும் விழா நடக்கும். தாவும் குதிரைகள், இசைக்கு நடக்கும் குதிரைகள் எல்லாம் வந்து போயின. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பிறகு கனத்த கால்களும் சடைத்த குளம்புமயிருமாக உழவுக் குதிரைகள் இரண்டு வண்டி இழுத்துக்கொண்டு வந்தன. மண் அதிர்ந்தது. சங்கிலிச் சத்தம், தோல் உரசும் சத்தம், வியர்வை வாசம். நான் தலையைக் குனிந்து அழுதேன். நண்பர் ஒன்றும் கேட்கவில்லை, தோளில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே ஊருக்கு வெளியே ஒரு குதிரைத் தொழுவத்தில் போய்க் கேட்டேன். வகுப்புக்குக் கட்டக் காசு காணாது. சனிக்கிழமைகளில் சாணி அள்ளுகிறேன், பதிலுக்குப் பழக்குங்கள் என்றேன். சொந்தக்காரி அறுபது வயது தாண்டிய பெண், வண்டிக் குதிரை ஓட்டுவதில் தேர்ந்தவர். நான் வண்டிதான் பழக வேண்டும் என்று நின்றேன். முதலில் முதுகில் ஏறு, குதிரையின் முதுகு என்ன சொல்கிறது என்று தெரியாதவனுக்கு நான் கயிறு தரமாட்டேன் என்றார். நடுவில் அவர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, குதிரை வட்டமாக ஓட, கடிவாளத்தைத் தொடாமல் இரண்டு கையையும் தொடையில் வைத்தபடி நான் இருக்க வேண்டும். மூன்று மாதம் இது மட்டும்தான். இந்தப் பாடம் உங்களுக்கும் வேண்டும், கீழே சொல்கிறேன்.

வண்டிக்கு வந்தபோதும் உடனே குதிரை கிடைக்கவில்லை. சுவரோடு ஒரு மரச்சட்டம். அதில் கப்பிகள், கப்பி வழியாகப் போகும் தோல்வார், வாரின் மறுநுனியில் எடைகள். குதிரையின் வாய்க்குப் பதில் அந்த எடை. இரண்டு வாரையும் இடது கையில் பிடித்து, வலது கையால் விரல் விரலாக மாற்றிப் பழக வேண்டும். பென்னோ ஃபொன் அச்சென்பாக் என்பவர் (1861–1936) ஒழுங்குபடுத்திய முறை இது. ஜேர்மனியில் இன்றைக்கும் இதைத்தான் பழக்குகிறார்கள். அதன் உயிர் ஒரே வசனத்தில் அடங்கும்: திருப்ப வேண்டுமென்றால் உள்பக்கக் கயிற்றை இழுக்காதே, வெளிப்பக்கக் கயிற்றை விட்டுக்கொடு.

இழுத்தால்தான் திரும்பும் என்று நினைத்திருந்தவன் நான். இடப்பக்கம் திரும்ப, வலது வாரை இரண்டு விரல் அளவு தளர்த்தினேன். எடை மெதுவாக இறங்கியது. “அவ்வளவுதான்” என்றார் ஆசிரியை. “உன் கையில் இடம் கிடைத்தால் அது தானாகப் போகும்.”

இன்னொன்றையும் காட்டினார். சோடிக் குதிரைக்கான வார் குறுக்கே இணைந்திருக்கும். அதில் துளைகள் வரிசையாக இருக்கும். ஒன்று அவதியான (அவசரப்படும்) குதிரை, மற்றது ஆறுதலான (மெதுவான) குதிரை என்றால், துளை மாற்றி அவதிக்காரனைக் கொஞ்சம் பிடித்து வைத்துச் சோடியைச் சரிக்கட்ட வேண்டும். ஆறுதல்காரனை அடிப்பதல்ல வழி. அவர் கொக்கியை ஒரு துளை தள்ளி மாட்டியபோது எனக்கு எங்கள் முற்றமும் நுகமும் ஒரு விரல் அகலமும் ஞாபகம் வந்தது. ஐயா அந்தத் தோல்வாரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருந்தது.

அந்த விளையாட்டில் ஏழு வருடம் இருந்தேன். பெரிய போட்டிகளுக்குப் போகவில்லை. கிராமத்துப் போட்டிகளில் கூம்புகளுக்கு நடுவே வண்டி விடுவேன். வண்டியின் இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் இடைப்பட்ட அகலத்தை விடக் கொஞ்சமே கூடிய இடைவெளி, கூம்பின் தலையில் ஒரு பந்து, விழுந்தால் புள்ளி வெட்டு. அங்கே சாட்டை உண்டு, ஆனால் அது தோளைத் தொட்டுச் சொல்வதற்கு.

2012-ல் முதல் தடவை ஊருக்குப் போனேன். பட்டி வெறுமையாகக் கிடந்தது. (அந்தப் பயணத்தில் குறிகட்டுவானில் இருந்து படகேறி நெடுந்தீவுக்கும் போனேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்னும் அங்கே காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. வெயிலில் தண்ணீர் தேடி நிற்கும் அவற்றின் வெட்டப்படாத குளம்புகளைப் பார்த்தால் குதிரை பழகிய யாருக்கும் மனம் தாங்காது.) 2017-ல் தம்பியோடு சேர்ந்து இரண்டு நாம்பன் வாங்கினோம். ஒன்று வெள்ளை, மற்றது சிவலை. வருடத்தில் ஆறு கிழமை (வாரம்) லீவு சேர்த்து மார்கழியில் வந்துவிடுவேன், மற்ற மாதங்களில் தம்பி பார்ப்பான்.

முதல் சண்டை கேட்டியில் வந்தது. எங்கள் வண்டியில் ஆணி ஏறாது என்றேன். மச்சான் சொன்னார், “நீங்கள் ஜேர்மனியில குதிரை ஓடினது சரி அத்தான். இது மாடு. குத்தாட்டி நிண்டிடும்.” மிருகவதையைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1907-லேயே வந்துவிட்டது என்றேன். சட்டம் திடலுக்கு வராது என்றார். சட்டத்தைச் சொல்லி அவரை மாற்ற முடியாது என்று எனக்கும் தெரியும், செய்து காட்டத்தான் வேண்டும்.

விடிய ஐந்து மணிக்கு வாய்க்கால் கட்டில் பழக்கினோம். குதிரைக்குக் கடிவாள இரும்பு வாயில் பல் இல்லாத இடத்தில் இருக்கும். மாட்டுக்குக் கயிறு மூக்கின் தண்டையே துளைத்துப் போகிறது. அப்படியென்றால் கை இன்னும் எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும்! வளைவில் வெளிப்பக்கக் கயிற்றை விட்டுக் கொடுத்தேன். முதல் நாள் இரண்டும் நின்றுவிட்டன. அடுத்த நாளும் நின்றன. தம்பி பின்னால் இருந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் கிழமை, ஒரு பனி விழுந்த காலை, கயிற்றைத் தளர்த்தும்போதே சிவலையின் காது பின்னால் மடங்கியது. கேட்கிறான்! கழுத்தை வளைத்தான், வெள்ளையனும் கூடவே வந்தான், வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் திரும்பியது. தம்பி அப்போதுதான் வாய் திறந்தான்: “ஐயா இப்பிடித்தான் அண்ணை திருப்புறவர்.”

சவாரியில் தோற்றோம். பக்கத்து வண்டி ஆறேழு முழம் முந்திவிட்டது. அடுத்த வருடமும் தோற்றோம். மூன்றாவது வருடம் எங்கள் பிரிவில் இரண்டாம் இடம். ஆனால் முதல் வருடமே, ஓடி முடிந்து மாட்டை மர நிழலில் கட்டியபோது, ஐயாவின் வயதுச் சவாரிக்காரர் ஒருவர் வந்தார். மாட்டின் பின்பக்கம் போய்க் குனிந்து தொடையைத் தடவிப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். “ஆற்ற மோன் நீ?” என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். இப்போது எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் ஆணி இல்லாமல் ஓடுகிறார்கள். அதில் ஒருவர் மச்சான்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். கட்டாயம் தொடங்குங்கள். ஆனால் இருபது வயதில் எந்தப் படியில் விட்டீர்களோ அந்தப் படியில் காலை வைக்காதீர்கள். தொடை, இடுப்பு, முதுகுத் தசைகள் பதினைந்து வருடம் கதிரையில் இருந்தவை. மனம் முன்னே போகும், உடம்பு பின்னே நிற்கும், விழுவது அந்த இடைவெளியில்தான். பழக்குபவரிடம் வெட்கப்படாமல் நீளக்கயிற்றுப் பாடம் கேளுங்கள், கடிவாளம் கையில் இல்லாமல். பயம் வந்தால் கை எதையாவது பிடித்து இழுக்கும். பிடிக்க ஒன்றும் இல்லாதபோதுதான் இருக்கை திரும்ப வரும். பழைய தலைக்கவசம் வீட்டில் கிடந்தால் அதைப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். குதிரை வாங்கும் யோசனையை ஒரு வருடம் தள்ளி வையுங்கள்.

அப்புறம், பழைய சந்தோசம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. பத்தொன்பது வயதில் இருந்த சந்தோசம் வெல்வதில் இருந்தது, அதற்காக மாட்டைக் குத்தினேன். இப்போது இருப்பது வேறு, இது எனக்கு அதைவிடப் பெரிது. அதற்கு நான் போட்டியில் இருந்து தொடங்கவில்லை, சாணி அள்ளுவதில் இருந்து தொடங்கினேன். நீங்களும் முதல் நாள் ஏறாமல் தொழுவத்துக்குப் போங்கள். தேய்த்து விடுங்கள், குளம்பைத் தூக்கித் துப்புரவாக்குங்கள், பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் கைக்கு வேண்டியது என்ன என்று அங்கே தெரிந்துவிடும்.

மார்கழி கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் வந்தால் எழுதுங்கள். பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளையனையும் சிவலையையும் வாய்க்காலில் குளிப்பாட்டுவோம். சிவலைக்குக் காதுக்குப் பின்னால் தேய்த்தால் பிடிக்கும்.