டிவி நன்றாக இருக்கிறது, ஆப் மட்டும் வரவில்லை. புது டிவி வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஸ்மார்ட் டிவி வாங்கி ஆறு வருடம்தான் ஆகிறது. படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஒரு ஓடிடி ஆப் மட்டும் ‘இந்தச் சாதனத்தில் இனி இயங்காது’ என்கிறது. அதே ஆப் தம்பி வீட்டு டிவியில் ஓடுகிறது. புது டிவிதான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். திரை நன்றாக இருக்கும்வரை டிவியை மாற்றாதீர்கள். பின்னால் ஹெச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்டிக், அதாவது ஆப்களைத் தானே ஓட்டும் ஒரு சின்னக் கருவி, செருகினால் போதும். எப்படிப்பட்ட ஸ்டிக் என்று பிறகு சொல்கிறேன். இது ஏன் நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல்தான் எங்கள் குடும்பத்தில் இரண்டு முறை பணத்தை விட்டோம்.

நான் தண்டையார்பேட்டை. அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் வியாசர்பாடியில் பந்து ஆடியவர். இன்றைக்கும் கால்பந்து என்றால் ராத்திரி ஒரு மணிக்கும் விழித்திருப்பார். 2017-இல் அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 43 அங்குல டிவி வாங்கினோம். வீட்டில் அதுவரை வாங்கியதிலேயே விலை அதிகமான பொருள் அதுதான்.

போன வருடம் ஒரு இறுதியாட்டம். மாமா, பக்கத்து வீட்டு அண்ணன்கள் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா ரிமோட்டில் அந்த ஆப்பின் பெயர் அச்சடித்த பட்டனை அழுத்தினார். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, கிட்டத்தட்ட அதே வாசகம் வந்தது. “இன்னாடா இது, போன மாசம் வரைக்கும் வந்துதே” என்றார். அணைத்துப் போட்டோம், பிளக்கைப் பிடுங்கிச் செருகினோம், ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றப் பார்த்தோம். அழித்தது அழித்ததுதான், திரும்ப ஏறவே இல்லை. கடைசியில் என் ஃபோனை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்து, ஆறு அங்குலத் திரையில் எட்டுப் பேரும் பார்த்தோம். பெரிய திரை பின்னால் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா பாதி ஆட்டத்திலேயே எழுந்து படுக்கப் போய்விட்டார். அது எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் டிவி நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் பேசினேன். ஆப்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். ஆப்காரர்களைக் கேட்டால், உங்கள் டிவி மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, டிவி நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், பொறுப்பை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, காரணத்துக்கு வருகிறேன். ஃபோன் என்றால் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் ஆப் எழுதினால் கிட்டத்தட்ட எல்லாரையும் எட்டிவிடலாம். டிவி உலகம் சிதறிக் கிடக்கிறது. டிவியை இயக்கும் அடிப்படை மென்பொருளே பிராண்டுக்குப் பிராண்டு வேறு. சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், வேறு பல பிராண்டுகளில் கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி, அமேசானுக்கு ஃபயர் டிவி, இது போக விலை குறைந்த டிவிகளில் அவரவர் வைத்திருக்கும் ஏதோ ஒன்று. ஆப் நடத்துபவர் இவை ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதி, தனியாகச் சோதிக்க வேண்டும். அதிலும் ஒரே பிராண்டுக்குள் ஒவ்வொரு வருட மாடலும் வேறு வேறு.

டைசனிலும் வெப்ஓஎஸ்ஸிலும் ஓடும் ஆப்களில் பெரும்பாலானவை உள்ளே ஒரு வலைப்பக்கம் மாதிரிதான். டிவிக்குள் இருக்கும் பிரவுசர் எஞ்சின் அதை ஓட்டுகிறது. 2018-இல் வந்த சாம்சங் டிவிகளில் இருப்பது குரோமியம் 56, அதாவது குரோம் பிரவுசருக்கு அடிப்படையான நிரலின் 56-ஆம் பதிப்பு. அதே வருட எல்ஜியில் குரோமியம் 53. நம் ஃபோனில் இருக்கும் குரோம் 100-ஐத் தாண்டி வருடக்கணக்காகிவிட்டது, தானாகவே புதுப்பித்துக்கொண்டும் இருக்கிறது. டிவியில் இருக்கும் எஞ்சினோ, பெரும்பாலான பழைய மாடல்களில், வாங்கிய நாளில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆப்காரர் புது முறையில் எழுதத் தொடங்கியதும் பழைய எஞ்சினுக்கு அது புரியாது. பழைய டிவிகளுக்காகவே தனியாக ஒரு வடிவத்தை வைத்துப் பராமரிக்க ஆள் வேண்டும், செலவு வேண்டும். ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். உங்கள் தம்பி வீட்டு டிவி இரண்டு வருடம் புதியதாக இருந்தாலே போதும், அங்கே ஓடும், இங்கே ஓடாது.

சில நேரம் காரணம் இதைவிடச் சின்னது. டிவியும் ஆப்பின் சர்வரும் ஒன்றை ஒன்று நம்புவதற்கு டிவிக்குள் சில டிஜிட்டல் சான்றிதழ்கள் இருக்கும். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30-இல் அப்படி ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது உலகம் முழுக்கப் பல பழைய கருவிகள் இணையத் தளங்களைத் திறக்க முடியாமல் திணறின. ஃபோனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப உதவும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவிகளில் இரண்டாம் தலைமுறை 2025 மார்ச்சில் திடீரென்று முடங்கியதும் சான்றிதழ் காலாவதியால்தான். அதைச் சில நாளில் கூகுள் சரிசெய்தது. அதனால் நீங்கள் முதலில் டிவியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு தேதி தப்பாகியிருந்தால், நல்ல சான்றிதழையும் டிவி செல்லாது என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் காசு செலவில்லாத வேலை.

எங்கள் அக்கா பட்டது வேறு மாதிரி. அக்கா வீடு எர்ணாவூரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் விம்கோ நகர் போய் இறங்கி, அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனேன். புது டிவியைக் காட்டுவதற்காகக் கூப்பிட்டிருந்தார். பெட்டியில் 4கே என்றும் ஆண்ட்ராய்டு என்றும் பெரிதாகப் போட்டிருந்தது. ஆப் திறந்தது. ஆனால் அது ஃபோனுக்கான ஆப். ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தித்தான் தட்ட வேண்டும். படமோ கண்ணாடியில் எண்ணெய் தடவியது போல இருந்தது. “நெட்டு ஸ்லோவா இருக்கும்போல தம்பி” என்றார் அக்கா. நெட் நன்றாகத்தான் இருந்தது.

இதை நன்றாகக் கவனியுங்கள். பெட்டியில் ‘ஆண்ட்ராய்டு’ என்று இருப்பதும் ‘ஆண்ட்ராய்டு டிவி’ அல்லது ‘கூகுள் டிவி’ என்று இருப்பதும் ஒன்றல்ல. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து டிவியில் போடலாம். கூகுளிடம் சான்று பெற்றால்தான் டிவிக்கான பிளே ஸ்டோர் கிடைக்கும். படங்களைத் திருடாமல் காக்க வைட்வைன் என்று ஒரு பூட்டு இருக்கிறது. அதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பான பகுதியிலேயே நடக்கும். அப்படிப்பட்ட கருவிக்குத்தான் பெரிய சேவைகள் ஹெச்டியும் 4கேயும் அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் 480பி அளவில்தான் பெரும்பாலும் படம் வரும், திரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி. நெட்ஃபிளிக்ஸ் இதற்கு மேலும் தன் பங்குக்கு ஒரு சான்று கேட்கிறது. அக்கா 4கேவுக்குக் காசு கொடுத்தார், பார்ப்பதோ பழைய டிவிடி தரம். கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லை. ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் மாதத் தவணை கட்டுவது அக்காதான்.

இந்த விஷயத்தில் நம் நாட்டில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஸ்மார்ட் டிவிகளில் கூகுள் போட்ட நிபந்தனைகள் பற்றி இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு வழக்கு நடந்தது. 2025 ஏப்ரலில் அது சமரசமாக முடிந்தது. கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டது. கூகுளின் ஆப்களை மொத்தமாக ஏற்றாமல், பிளே ஸ்டோரையும் அதற்குத் தேவையான சேவைகளையும் மட்டும் டிவி நிறுவனங்கள் தனியாக உரிமம் பெறவும் வழி செய்தார்கள். சின்ன பிராண்டுகள் இதைப் பயன்படுத்திக்கொண்டால் அக்காவைப் போன்றவர்களுக்கு நல்லது.

டிவியில் குற்றமே இல்லாமல் படம் வராமல் போவதும் உண்டு. நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் திட்டம் ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், டிவியில் ஓடாது. பிரைம் வீடியோவில் 2025 ஜனவரி முதல் ஒரு கணக்குக்கு ஐந்து கருவிகள், அதில் டிவி இரண்டுதான். பழைய டிவியின் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தால் நீக்கிவிடுங்கள். சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு என்றால் ஹெச்டிஎம்ஐ கேபிளையும், நடுவில் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். காசிமேட்டில் பெரியம்மா வீட்டில் ஸ்பிளிட்டரை எடுத்ததும் படம் வந்துவிட்டது. அந்தப் பாதையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் ஹெச்டிசிபி என்ற திருட்டுத் தடுப்பு முறையை ஏற்க வேண்டும், ஒன்று ஏற்காவிட்டாலும் திரை இருண்டுவிடும். ஃபோனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழியையும் முழுதாக நம்ப வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 2025 கடைசியில் பெரும்பாலான டிவிகளுக்கு அதை நிறுத்திவிட்டது.

இனி ஸ்டிக். கூகுள் டிவியோ ஃபயர் டிவியோ, சான்று பெற்ற, பெயர் தெரிந்த ஒன்றை வாங்குங்கள். வாங்குவதற்கு முன் நீங்கள் காசு கட்டும் ஆப்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் உதவிப் பக்கத்திலும் அந்த ஸ்டிக்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கினால் அங்கேயே செருகச் சொல்லி, உங்கள் கணக்கில் உள்நுழைந்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கூச்சமே வேண்டாம், நம் காசு. ஃபுல் ஹெச்டி டிவிக்கு 4கே ஸ்டிக் கட்டாயமில்லை. ஆனால் நினைவகம் கூடுதலாக இருப்பதை எடுத்தால் கொஞ்ச வருடம் தள்ளும். 8 ஜிபி சேமிப்பு சீக்கிரமே நிரம்பிவிடும், பார்க்காத ஆப்களை அவ்வப்போது அழித்துவிடுங்கள்.

பாரிமுனைப் பக்கம் பெயரில்லாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். எங்கள் இரண்டாவது நஷ்டம் அதில்தான். படம் அதே எல்3 தரம் என்பதோடு போகவில்லை, ஆபத்தும் இருக்கிறது. பேட்பாக்ஸ் 2.0 என்ற நாசநிரல் சான்று பெறாத ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு கருவிகளில் புகுந்திருப்பதாக 2025 ஜூலையில் கூகுள் வழக்கே போட்டது. அந்தப் பெட்டியும் உங்கள் பேங்க் ஆப் இருக்கும் ஃபோனும் ஒரே வைஃபையில்தான் இருக்கப் போகின்றன. தயவுசெய்து வேண்டாம்.

ஸ்டிக்கின் மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். பழைய டிவிகளில் அது அரை ஆம்பியர்தான் கொடுக்கும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். படத்தின் நடுவில் தானாக அணைந்து எழுந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். கூடவே வரும் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள்.

என்னுடைய கோபம் இதோடு அடங்கவில்லை. பெட்டியில் எம்ஆர்பி போடுகிறார்கள், மின்சாரத்துக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். இந்த டிவியில் இந்த ஆப்கள் குறைந்தது எந்த வருடம் வரை ஓடும் என்றும் ஒரு வரி போட வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் கிடைக்கும் என்று சொல்லாமல் இணையக் கருவிகளை விற்க முடியாது. சாம்சங் 2024 மாடல்களிலிருந்து ஏழு வருடம் டைசன் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை. சீட்டுக் கட்டி டிவி வாங்கும் அம்மாக்கள் பத்து வருடக் கணக்கு போட்டுத்தான் வாங்குகிறார்கள். பெட்டியில் ஆப்பின் சின்னத்தைப் போட்டு விற்றுவிட்டு, சீக்கிரமே நின்றுபோனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பில்லையும், பெட்டியின் ஃபோட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதால் என்னிடம் காட்ட ஒன்றுமில்லாமல் போனது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி. இரண்டு ரிமோட் என்றால் அவர்கள் டிவி பக்கமே வரமாட்டார்கள். டிவி செட்டிங்ஸில் ஹெச்டிஎம்ஐ சிஇசி என்று ஒன்று இருக்கும். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க் என்று பெயர். அதை ஆன் செய்தால் டிவி ரிமோட்டாலேயே ஸ்டிக்கை இயக்கலாம். அப்பா இப்போது பழைய ரிமோட்டையே வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறார். பழக்கத்தில் விரல் அந்த ஆப் பட்டனுக்கே போய்க்கொண்டிருந்தது, திரையில் மறுபடி அதே வாசகம் வந்தது. அம்மா அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார்.